உண்ணிக்கடி நோயும் உறங்கும் வைரஸ்களும்



நாளுக்கு நாள் பெருகிவரும் வைத்திய அறிவைத் தாய்மொழியில், கற்றோருக்கும் மற்றோருக்கும் விளங்கும்படி ஆண்டுக்கொரு முறையேனும் எடுத்துரைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு ஏற்படுத்தப்பட்ட இச்சொற்பொழிவு வரிசையில் இவ்வாண்டு பேச வந்திருக்கிறேன். உண்ணி கடித்ததனால் வந்த வியாதியில் நெடுநாள் துன்புறுகின்ற ஒருவரின் சரீரத்தில், இளம் வயதிலேயே புகுந்து அடங்கிக் கிடந்த வைரஸ்கள் மறுபடியும் தலைதூக்கினால், அதனை எங்ஙனம் அறிவது, எங்ஙனம் கையாள்வது என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். நம்மவர் பலரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நியூ ஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் முதலிய அமெரிக்க மாநிலங்களில் குடியேறி வாழ்கின்ற இந்நாளில், அங்கே பரவலாகக் காணப்படும் இவ்வுண்ணிக்கடி நோயாகிய 'லைம் நோய்' என்ற பெயர் நம் வீடுகளுக்கும் முற்றிலும் அந்நியமன்று.

அந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற பின்பும் களைப்பு நீங்காமலும், மூட்டுவலி தணியாமலும், படித்த பக்கத்தையே மறுபடியும் படிக்க நேரும்படி சிந்தை மந்தமுற்றும் வாடுகிற ஒருவர், நாளடைவில் இரண்டு வகைத் தீர்ப்புகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்கிறார். 'உமக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மனப்பிரமை' என்று ஒரு வைத்தியர் கைகழுவுகிறார். 'உமக்குள் எல்லாக் கிருமிகளும் விழித்துக்கொண்டிருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும்' என்று மற்றொருவர் பட்டியல் எழுதுகிறார். முன்னது இரக்கக் குறைவு. பின்னது விவேகக் குறைவு. இரண்டையும் விலக்கிச் செல்லும் நேரிய வழி ஒன்று உண்டு என்பதும், அவ்வழியைச் சென்ற அரை நூற்றாண்டு ஆராய்ச்சி ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கிறது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் லைம் நோயின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன். கனெக்டிகட் மாநிலத்தில் லைம், ஓல்டு லைம் என்னும் ஊர்களின் குழந்தைகள் பலருக்கு முழங்கால் வீங்கி வலித்ததைக் கண்ட பாலி மர்ரி என்னும் தாயார், தம் குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் வந்த அறிகுறிகளையெல்லாம் பொறுமையாகக் குறித்துவைத்து, 1975-ஆம் ஆண்டில் அதிகாரிகளிடம் முறையிட்டார். அம்முறையீட்டை அலட்சியம் செய்யாமல் ஆராயப் புகுந்த யேல் பல்கலைக்கழகத்து ஆலன் ஸ்டியர் என்பவரும் அவர்தம் குழுவினரும், 39 குழந்தைகளும் 12 பெரியவர்களுமாக 51 பேருடைய நோயை ஆராய்ந்து, அது கோடைக்காலத்தில், காடடர்ந்த சாலைகளை ஒட்டிய வீடுகளில் தோன்றுகிறது என்று 1977-இல் வெளியிட்டனர். பின்னர் மான்டானா மாநிலத்து ராக்கி மலை ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வில்லி பர்க்டார்ஃபர், நியூயார்க்கை அடுத்த ஷெல்டர் தீவிலிருந்து கொணர்ந்த உண்ணிகளின் குடலில் சுருள் வடிவமான பாக்டீரியா ஒன்றைக் கண்டார். 1982-இல் அச்செய்தி வெளியாயிற்று. அவர் பெயராலேயே அது 'பொர்ரேலியா பர்க்டார்ஃபெரி' என்று வழங்கலாயிற்று. ஒரு தாய் எழுதி வைத்த குறிப்பேட்டை மதித்துப் படித்ததிலிருந்து தொடங்கிய கண்டுபிடிப்பு இது என்பதை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்நோயைப் பரப்பும் உண்ணியின் இளம் பருவம் கசகசாவின் ஒரு மணியளவே இருக்கும். முழங்காலின் பின்மடிப்பிலோ, அக்குளிலோ, தலைமயிரின் ஓரத்திலோ வலியின்றிப் பதிந்து குடிக்கும் அச்சிறு பூச்சி, ஒரு புதிய மச்சம் போலத் தோன்றுமேயன்றி வேறு சந்தேகத்தை எழுப்பாது. பாக்டீரியா அதன் குடலிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு ஏறிவர ஒரு நாளுக்கு மேல், பெரும்பாலும் 36 மணி நேரத்துக்கு மேல் ஆகின்றமையால், அன்றன்று மாலையில் உடம்பைச் சோதித்து, கூர்முனையுள்ள சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுவதே முதல் வைத்தியம். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவந்து நாளுக்கு நாள் அகன்று செல்லும் படை, 100 பேரில் 70 முதல் 80 பேருக்குத் தோன்றும். அந்நிலையில் டாக்சிசைக்ளின் மாத்திரையை 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை உட்கொண்டால் பெரும்பாலோர் பூரண குணமடைகின்றனர். ஆயினும் ஒரு சிறு பகுதியினருக்கு, ஏறக்குறைய 100-க்கு 5 முதல் 10 பேருக்கு, களைப்பும் வலியும் மறதியும் ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கின்றன. இன்றைய சொற்பொழிவு அவர்களைப் பற்றியது.

இனி, உறங்கும் வைரஸ்களைப் பார்ப்போம். மனிதரைப் பற்றும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் ஒன்பது. வாயோரப் புண்ணைத் தரும் சிம்ப்ளெக்ஸ், சின்னம்மையைத் தரும் வேரிசெல்லா, 1964-இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்னும் மூவர் லண்டனில் கண்டறிந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ், சைட்டோமெகலோ வைரஸ், குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் பெரும்பாலும் வந்து போய்விடும் ஆறாம் ஹெர்பிஸ் வைரஸ் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. இவற்றின் விசேஷம், ஒருமுறை உள்ளே புகுந்தால் ஆயுள் முழுவதும் நீங்காமை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் நம் இரத்தத்திலுள்ள ஒருவகை வெள்ளணுக்களிலும், சின்னம்மை வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் நீறு பூத்த நெருப்பாக அடங்கிக் கிடக்கின்றன. உலகில் வயது வந்தோரில் 100-க்கு 90 பேருக்கு மேல் எப்ஸ்டீன்-பார் வைரஸைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாக வாழ்கின்றனர். இந்த அவையில் இருப்போரும் அதற்கு விலக்கல்லர்.

அடங்கிய வைரஸ் எப்போது எழுகிறது? உடலின் எதிர்ப்புச் சக்தி சற்றே தளரும்போதெல்லாம் எழுகிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரும் ரானல்டு கிளேசரும் 1980-களில் மருத்துவ மாணவர்களைச் சோதித்து, பரீட்சைக் காலத்தில் அவர்களது இரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உயர்வதைக் கண்டனர். விண்வெளிப் பயணத்தின்போது விஞ்ஞானிகள் எடுத்த உமிழ்நீர் மாதிரிகளில், பாதிக்கு மேற்பட்ட வீரர்களுக்கு இவ்வைரஸ்களில் ஒன்றேனும் வெளிப்பட்டது. ஆயினும் அவர்களுள் நோயுற்றவர் மிகச் சிலரே. கடும் சீழ்க்காய்ச்சலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்போரிடமும் இதே எழுச்சி காணப்படுகிறது. எனவே உண்ணிக்கடி நோயால் தளர்ந்த ஓர் உடலில் பழைய வைரஸ் தலைகாட்டுவது வியப்பன்று. ஆனால் அது தலைகாட்டியதாலேயே துன்பத்துக்கு மூலகாரணம் அதுதான் என்று சொல்லிவிட இயலாது. துன்பத்தின் விளைவாகவே அது எழுந்திருக்கவும் கூடும். வைரஸ் உடலில் இருப்பது ஒரு நிலை. எழுவது மற்றொரு நிலை. நோயாவது மூன்றாம் நிலை. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறிவதில்தான் இத்துறையின் விவேகம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதே நான் இன்று சொல்ல வந்த ஒரே கருத்து.

இதனைச் சோதனைத்தாள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். எப்ஸ்டீன்-பார் பரிசோதனைத்தாளில் வழக்கமாக எதிர்ப்பொருள்களைக் குறிக்கும் நான்கு வரிகள் இருக்கும். முதல் வரியான வி.சி.ஏ. ஐ.ஜி.எம். புதிய தொற்றின்போது தோன்றிச் சில வாரங்களில் மறையும். இரண்டாவதான வி.சி.ஏ. ஐ.ஜி.ஜி. ஒருமுறை தோன்றினால் ஆயுள் முழுவதும் நிற்கும். நான்காவதான ஈ.பி.என்.ஏ., நோய் தொடங்கி இரண்டு முதல் நான்கு மாதங்களில் எழுந்து அதுவும் நிலைத்துவிடும். ஆகவே அது இருக்கிறது என்றால் தொற்று பழையது என்பதே பொருள். மூன்றாவதான ஈ.ஏ. என்பதைத்தான் பலர் 'மறு எழுச்சியின் சான்று' என்று காட்டி அச்சுறுத்துகின்றனர். ஆனால் நல்ல ஆரோக்கியமுள்ளவர்களிலும் ஐவரில் ஒருவருக்கு அது ஆண்டுக்கணக்கில் தென்படுவதுண்டு. தாளில் 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டு நடுங்கும் நோயாளிக்கு, அவ்வெண்ணிக்கை அவரது பக்கத்து வீட்டாருக்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கும் என்பதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு வைத்தியருடையது.

ஆறாம் ஹெர்பிஸ் வைரஸின் செய்தி இன்னும் விசித்திரமானது. மனிதரில் சுமார் 100-க்கு ஒருவருக்கு அந்த வைரஸின் மரபுப்பொருள் பெற்றோரிடமிருந்தே வந்து, ஒவ்வோர் உயிரணுவின் குரோமசோமிலும் பதிந்திருக்கிறது. அத்தகையவரின் இரத்தத்தை, மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் பி.சி.ஆர். முறையில் சோதித்தால் வைரஸின் அளவு மிகமிக அதிகமாகக் காட்டும். உண்மையில் அங்கே வைரஸ் பெருகவேயில்லை. இதனை அறியாது கடும் மருந்துகளைக் கொடுத்தால் பயன் இராது, தீங்கு மட்டுமே மிஞ்சும். மற்றுமொன்று: எப்ஸ்டீன்-பார் வைரஸ் புதிதாகத் தொற்றிய ஒருவருக்கு, உண்ணியே கடிக்காதபோதும், லைம் பரிசோதனையின் ஐ.ஜி.எம். பகுதி பொய்யாக 'உண்டு' என்று காட்டுவதுண்டு. ஒரு நோய் மற்றொரு நோயின் வேடத்தைத் தாளில் புனைந்துகொள்ளும் இவ்விடத்தில், நோயாளி எங்கே வாழ்ந்தார், எந்த மாதத்தில் எந்தக் காட்டோரத்துக்குச் சென்றார், படை தோன்றியதா என்று விசாரிப்பதே இயந்திரத்தை விட மேலான சோதனையாகிறது.

'எதுவாயினும் ஆகட்டும், மருந்தைக் கொடுத்துப் பார்ப்போமே' என்று சிலர் வாதிக்கலாம். கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு; அவர்கள் கண்டதையும் நாம் கேட்க வேண்டும். அசைக்ளோவிர் என்னும் மருந்து, பெருகிக்கொண்டிருக்கும் வைரஸின் நொதியால் தூண்டப்பட்ட பின்னரே வேலை செய்கிறது. உறங்கும் வைரஸை அது தீண்டுவதில்லை. அம்மருந்தைத் தோற்றுவித்த ஆய்வுப் பணியில் முதன்மையான இடம் பெற்ற கெர்ட்ரூட் எலியன் அம்மையார் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில், எப்ஸ்டீன்-பார் எதிர்ப்பொருள் மிகுந்த நெடுநாள் களைப்பு நோயாளிகளுக்கு அசைக்ளோவிரையும் வெறும் போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்து ஸ்டீபன் ஸ்ட்ராஸ் என்பவரும் குழுவினரும் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. சோதனையை முடித்த 24 பேரில் அசைக்ளோவிரால் தேறியவர் 11 பேர். போலி மருந்தால் தேறியவர் 10 பேர். மூவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதால் அவர்களை இடையிலேயே விலக்க நேர்ந்தது. லைம் நோயின் எச்சத் துன்பங்களுக்காக ஒரு மாதம் செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் அதன்பின் இரண்டு மாதம் டாக்சிசைக்ளினும் கொடுத்து, 129 பேரைக் கொண்டு மார்க் கிளெம்ப்னர் 2001-இல் வெளியிட்ட ஆய்விலும், நெதர்லாந்தில் 280 பேரைக் கொண்டு 2016-இல் வெளியான ஆய்விலும், நீண்ட நாள் மருந்துக்கும் போலி மருந்துக்கும் பேதம் காணப்படவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நரம்புவழி மருந்து ஏற்றிக்கொண்டிருந்த ஓர் இளம்பெண், அக்குழாயில் வளர்ந்த பூஞ்சைத் தொற்றினால் உயிரிழந்த செய்தியும் வைத்திய இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது.

அப்படியானால் துன்பம் கற்பனையா? கற்பனையன்று; அதற்கு ஆஸ்திரேலியாவின் டப்போ என்னும் ஊரைச் சார்ந்து நடந்த ஆராய்ச்சி அரிய சாட்சியாக நிற்கிறது. எப்ஸ்டீன்-பார் காய்ச்சல், கொசுவால் பரவும் ராஸ் ஆற்று வைரஸ் காய்ச்சல், கால்நடைகளிடமிருந்து வரும் கியூ காய்ச்சல் என்று ஒன்றோடொன்று சம்பந்தமற்ற மூன்று நோய்களால் தாக்குண்ட 253 பேரைத் தொடக்கத்திலிருந்தே கவனித்து வந்தபோது, ஆறாம் மாதத்தில் 100-க்கு 12 பேர் வீதம் ஒரே விதமான நீடித்த களைப்பில் இருப்பது தெரிய வந்தது. யாருக்கு அது நீடிக்கும் என்பதைக் கிருமியின் வகையோ, நோயாளியின் மனோபாவமோ நிர்ணயிக்கவில்லை; முதற்காய்ச்சல் எவ்வளவு கடுமையாய் இருந்தது என்பதே நிர்ணயித்தது. 2006-இல் வெளியான இவ்வாய்வு, இத்துன்பம் சரீர சம்பந்தமானது என்பதையும், எந்தக் கிருமியும் அதன் ஏகபோக உரிமையாளன் அன்று என்பதையும் ஒருங்கே எடுத்துக்காட்டுகிறது.

இனிச் செய்ய வேண்டுவன யாவை என்பதற்கு வருகிறேன். முதற்கடமை, குணப்படுத்தத்தக்கதைத் தவறவிடாமை. லைம் நோயைத் தரும் அதே உண்ணி, இரத்தச் சிவப்பணுக்களில் வாழும் பபீசியா என்னும் ஒட்டுண்ணியையும், அனாபிளாஸ்மா என்னும் பாக்டீரியாவையும் சேர்த்தே செலுத்தக்கூடும். காய்ச்சலும் வியர்வையும் இரத்தசோகையும் தொடர்ந்தால், இரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பபீசியாவைத் தேட வேண்டும். அது லைம் மருந்துக்கு அடங்காது, அட்டோவகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்து வருபவருக்கு அது சிம்ப்ளெக்ஸ் வைரஸோடு தொடர்புபடுத்தப்படும் பெல் வாதமா, லைம் நோயின் நரம்புத் தாக்குதலா என்று, உண்ணிகள் மலிந்த ஊராயின், கட்டாயம் ஆராய வேண்டும். ஏனெனில் முன்னதற்கு நன்மை தரும் ஸ்டீராய்டு மருந்து, பின்னதற்கு நன்மை தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. உறுப்பு மாற்றம் பெற்றவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் போன்று எதிர்ப்புச் சக்தி குன்றியோரிடம் சைட்டோமெகலோ வைரஸ் எழுந்தால் அது உயிருக்கே ஆபத்தான நோய். அங்கே தாமதமின்றி வைரஸ் மருந்து கொடுத்தல் வேண்டும். தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, பி12 சத்துக் குறைவு, உறக்கத்தில் மூச்சுத்தடை ஆகிய எளிய காரணங்களையும், கிருமிகளின் ஆரவாரத்தில் மறந்துவிடலாகாது.

எழுச்சி என்பது ஐயமின்றி நோயாகிவிட்டதற்குச் சிறந்த உதாரணம் அக்கி. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்னும் சிற்றூரில் குடும்ப வைத்தியராயிருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம் நோயாளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து எழுதிய குறிப்புகளைக் கொண்டே, சிறு வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பில் தங்கி முதுமையில் அக்கியாக எழுகிறது என்று 1965-இல் தெளிவுற எடுத்துரைத்தார். நம் ஊர்களில் அக்கி கண்டவரைக் குயவர் வீட்டுக்கு அழைத்துச் சென்று, செங்காவி மண்ணைக் குழைத்து உடம்பில் கோலம்போல் எழுதச் செய்யும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தில் உள்ள அன்பையும் ஆறுதலையும் நான் மதிக்கிறேன். ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால்தான் நோய் விரைவில் தணியும் என்பதையும், நெற்றியிலோ கண்ணருகிலோ அக்கி கண்டால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லாவிடில் பார்வைக்கே பங்கம் நேரலாம் என்பதையும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம். ஐம்பது வயதைக் கடந்தோருக்கு இரண்டு தவணையாகப் போடப்படும் தடுப்பூசி 100-க்கு 90-க்கு மேல் காப்பளித்ததைப் பெரிய சோதனைகள் நிரூபித்திருக்கின்றன. அடங்கிய வைரஸ்களுள் இத்தகைய தடுப்புக்கு உரியது இன்று இது ஒன்றே. நெடுநாள் நோயாளிகள் இதைப் பற்றித் தம் வைத்தியரிடம் கேட்டறிவது நல்லது.

மருந்து தேவைப்படும் இடத்திலும் அளவும் ஜாக்கிரதையும் வேண்டும். வைரஸ் மருந்தான வாலசைக்ளோவிரை உட்கொள்வோர் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். மற்றொரு வைரஸ் மருந்தான வால்கான்சிக்ளோவிர் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடியது. அதனைச் சந்தேகத்தின் பேரில் கொடுப்பது தகாது. டாக்சிசைக்ளினை நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு குவளைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். படுக்கப் போகும் வேளையில் விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்து மாத்திரையையும் வயிற்றெரிச்சல் மருந்தையும் அதனோடு சேர்த்துச் சாப்பிடலாகாது. வெயிலையும் தவிர்க்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத எஞ்சிய துன்பத்துக்கு நாளொழுங்கே சிகிச்சை. இன்று சற்றுத் தெம்பாயிருக்கிறதே என்று விட்டுப்போன வேலைகளையெல்லாம் ஒரே பொழுதில் முடித்துவிட்டு, மறுநாள் முதல் ஒரு வாரம் படுக்கையில் கிடப்பது இந்நோயாளிகளின் பொது அனுபவம். ஆகவே களைப்பு வருவதற்கு முன்பே ஓய்வெடுப்பதும், செய்யத்தக்க வேலையைத் துண்டு துண்டாகப் பகுத்துக்கொள்வதும் அவர்கள் பழக வேண்டிய நெறி. பலவந்தமாக நாள்தோறும் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை, நெடுநாள் களைப்பு நோய்க்கு ஏற்றதன்று என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுக் குழு 2021-இல் நீக்கிவிட்டது. ஒழுங்கான உறக்கம், வலிக்குரிய தனிச் சிகிச்சை, எழுந்து நின்றால் தலை சுற்றுவோருக்குப் போதிய நீர், மனச்சோர்வு சேர்ந்திருந்தால் அதற்கும் கூச்சமின்றி உதவி என்று ஒவ்வொன்றாகச் சீர்செய்யும்போது, பலர் மாதங்கள் செல்லச் செல்லத் தேறி வருகின்றனர். இச்செய்தியை நோயாளிக்குச் சொல்வதே ஒரு மருந்து.

மாணவர்களே, இளம் வைத்தியர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நோயாளி சொல்லும் துன்பத்தை ஐயமின்றி நம்புங்கள். சோதனைத்தாள் சொல்லும் செய்தியைத் தயங்காது விசாரியுங்கள். எந்தப் பரிசோதனைக்கு எழுதித் தருமுன்னும், அதன் விடை எதுவாயினும் நம் சிகிச்சை மாறுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். மாறாது என்றால் அப்பரிசோதனைக்கு நோயாளியின் பணத்தைச் செலவிடச் செய்யாதீர்கள். நோயாளிகளின் குடும்பத்தாரே, சோம்பல் என்றும் சாக்கு என்றும் சொல்லி அவர்கள் மனத்தைப் புண்படுத்தாதீர்கள். எல்லாக் கிருமியையும் ஒரே மூச்சில் ஒழித்துத் தருவதாகப் பெரும்பொருள் கேட்போரிடம் அவர்களை ஒப்படைக்கவும் செய்யாதீர்கள். வைத்தியராகிய நாம் குணமாக்க இயலாத இடத்திலும் உடனிருக்க இயலும். ஆதலால் நெடுநாள் நோயாளி எவரையும், அடுத்து வரவேண்டிய நாளைக் குறித்துக் கொடுக்காமல் அனுப்பிவிடாதீர்கள்.